எழுபதாவது வளைவுக்குப் பிறகு

கொல்லிமலைக்குப் போய்வந்தவர்கள் முதலில் சொல்வது வளைவுகளைப் பற்றித்தான். காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை நிற்கிறது. பேருந்தில் வரும் பிள்ளைகள் அதை உரக்க எண்ணத் தொடங்குவார்கள். முப்பதைத் தாண்டும்போது சத்தம் குறையும். ஐம்பதில் பலர் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும். எழுபதும் முடிந்ததும் மலை சட்டென்று அகன்று விரிகிறது. நெல் வயல், மரவள்ளிக் கொல்லை, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, அவற்றின் நிழலில் காபிச் செடி, ஓட்டு வீடு, பள்ளிக்கூடம். ஊட்டியையோ கொடைக்கானலையோ நினைத்துக்கொண்டு வந்தவர்கள் கொஞ்சம் திகைத்துத்தான் போவார்கள். கடல்மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், இது யாரோ கோடைக்கு வந்து தங்குவதற்காக உண்டாக்கிய ஊர் கிடையாது. உழுது, விதைத்து, அறுத்து வாழும் குடியானவர்களின் மலை.

கொல்லிமலைச் சுற்றுலாவைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். ‘ஒரு நாளில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்’ என்று பட்டியல் போடுகிறோம். அந்தப் பத்து இடங்களுக்கும் நடுவே வாழ்கிறவர்களுக்குப் பட்டியலில் இடமில்லை. நாமக்கல் மாவட்டத்தில் தனித் தாலுகாவாகவும் தனி ஊராட்சி ஒன்றியமாகவும் இருக்கும் இந்த மலையில் 14 ஊராட்சிகள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று ஊராட்சிகளில் பலவும் இன்றும் ‘நாடு’ என்ற பழைய பிரிவின் பெயரிலேயே இருக்கின்றன. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குக் கேரளத்தோடு தொடர்பில்லை. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவர் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. வெளியூர்க்காரர் இந்த மலைக்கு வந்து எதையெல்லாம் தேடுகிறாரோ, நல்ல சாலை, நேரத்துக்கு ஒரு பேருந்து, கழிப்பறை, அவசரத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி, அதையெல்லாம் இவர்கள் நெடுங்காலமாகவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டையும் தனித்தனிக் கோப்புகளாக வைத்துப் பார்ப்பதுதான் கோளாறு என்பது என் எண்ணம்.

முதலில் பார்க்க வேண்டியவை. மலைமேல் உள்ள செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன், கொல்லிக்குத் தலைவன். யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என்று வரிசையாக ஒரே அம்பு துளைத்துச் சென்றதை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்ததும் சங்கப் பாட்டிலேயே பதிவாகியிருக்கிறது. கொல்லிப்பாவையும் அப்படித்தான். பார்த்தவரை மயக்கி வீழ்த்தும் அந்தப் பாவையின் பெயரைப் புலவர்கள் திரும்பத் திரும்ப எடுத்தாண்டிருக்கிறார்கள். இன்று எட்டுக்கை அம்மனாக வணங்கப்படுபவள் அவள்தான் என்று இங்குள்ளவர்கள் நம்புகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பாட்டில் வரும் பெயர்கள், பேருந்து நிறுத்தத்திலும் பூசைத் தட்டிலும் இன்னும் புழங்கும் மலைகள் தமிழகத்தில் அதிகமில்லை. அதற்காகவே ஒருமுறை இங்கே வரலாம்.

செம்மேட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போனால் அறப்பளீஸ்வரர் கோயில். தேவாரத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட வைப்புத் தலம். அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் இந்தச் சுவாமி மீது பாடப்பட்டதே. கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றில் மீன்களுக்குப் பொரி போடுவது வழக்கம். அந்த மீன்களைத் தெய்வமாகவே கருதுகிறார்கள், யாரும் பிடிப்பதில்லை.

கோயிலைத் தாண்டினால் ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேல். இந்த மலையின் மகுடம் இந்த அருவிதான். அய்யாறு ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து ஒரு பாறைக் கிண்ணத்துக்குள் விழுகிறது. அருகில் போவதற்கு முன்பே சாரல் உடம்பை நனைத்துவிடும். பக்கத்தில் நிற்பவரோடு பேச வேண்டுமானால் கத்த வேண்டும். பழனியிலோ திருச்செங்கோட்டிலோ ஏறும்போது பட்ட பாடு இறங்கும்போது தீர்ந்துவிடும். இங்கே கணக்கு தலைகீழ். உற்சாகமாக இறங்கி, தண்ணீரில் நின்று களைத்த பிறகு, நனைந்த துணியோடு அத்தனை படியையும் ஏற வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள், இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் மேலேயே நன்றாக யோசித்துவிட்டு இறங்குவது நல்லது. காலையில் சீக்கிரம் இறங்கினால் வெயிலுக்கு முன் ஏறிவிடலாம். மழை கனத்தால் வனத்துறை வழியை அடைத்துவிடும். அப்போது காவலரிடம் வாதாடாமல் திரும்புங்கள். மலைக்கு மேலே எங்கோ பெய்த மழை, கீழே நிற்பவருக்குத் தெரியாமலே வெள்ளமாக வந்துவிடும்.

படிகளைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அருவிக்கு வரும் பெண்களுக்கு உடை மாற்ற மறைவான இடமும், தண்ணீர் வரும் கழிப்பறையும் வேண்டும். அதே வழியில் காலையில் கடை விரித்து மாலைவரை அன்னாசித் துண்டுகளில் மிளகாய்ப்பொடியும் உப்பும் தூவி விற்கும் பெண்களுக்கு அது இன்னும் அதிகமாக வேண்டும். சுற்றுலாப் பயணி மூன்று மணி நேரம் தாங்கிக்கொள்வார். கடைக்காரப் பெண் ஆண்டு முழுவதும் தாங்க வேண்டியிருக்கிறது. கழிப்பறை கட்டுவது ஒரு வேலை. அதைத் தினமும் கழுவ ஆள் போட்டுச் சம்பளம் கொடுப்பது இன்னொரு வேலை. முதல் வேலைக்குத்தான் திறப்பு விழா நடக்கிறது.

அந்தக் கடைகளில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கிடைக்கும். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. மேலே ஆட்டு ரோமம் போலப் பழுப்பாகப் பூத்திருக்கும். சீவி, இடித்து, மிளகு சீரகம் போட்டுக் கொதிக்கவைத்துத் தருவார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆயிரம் படி ஏறிவந்தவருக்குச் சூடான அந்த ஒரு டம்ளர் இதம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், இது காட்டிலிருந்து பெயர்த்தெடுக்கப்படும் பொருள். கூடை கூடையாக வாங்கிக் காரில் அடுக்குவதைவிட, அங்கேயே குடித்துவிட்டு வருவது மலைக்கும் நல்லது, விற்பவருக்கும் கூடுதல் காசு.

வாங்கி வர வேண்டியது வேறு: சாமை. ஒரு காலத்தில் மலை முழுவதும் சாமையும் தினையும் கேழ்வரகும்தான். சாமையில் மட்டும் மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை, சடஞ்சாமை என்று எத்தனையோ நாட்டு ரகங்கள். சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் பெருகி மரவள்ளிக்கு விலை கிடைத்தபோது அந்த நிலங்கள் மரவள்ளிக்கு மாறின. விவசாயியைக் குறை சொல்ல முடியாது. கிழங்கு ரொக்கமாகிறது, சாமை அப்படி இல்லை. இன்னொரு காரணம் பெண்களின் தோள்வலி. சாமையின் உமியைப் பிரிக்க உரலில் போட்டு மணிக்கணக்கில் குத்த வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இங்கே வேலை தொடங்கியபோது இந்த இடத்தைத்தான் பிடித்தது. விதை வங்கிகளோடு ஊருக்குள் உமி நீக்கும் இயந்திரங்களும் வந்தன. மகளிர் குழுக்கள் அரிசியாக்கி, மாவாக்கிப் பொட்டலம் போட்டு விற்கத் தொடங்கினார்கள். ஒரு பயிர் வயலில் நிலைப்பதற்கு அதைக் குத்தித் தர ஓர் இயந்திரமும் வாங்க ஓர் ஆளும் வேண்டியிருந்தன. அந்த ஆள் நாமாக இருக்கலாம். இரண்டு கிலோ சாமை அரிசி காரில் அதிகம் இடம் பிடிக்காது.

சோளக்காடு சந்தைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். பருவத்துக்கேற்ப மலைவாழை, பலா, அன்னாசி, மிளகு, காபிக் கொட்டை வந்து இறங்கும். கோடை முற்றும்போது பலாவின் வாசனையே சந்தைக்கு வழிகாட்டும். தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கியவரிடம் விலை கேட்டு, அவர் சொன்ன விலையைப் பாதியாக்கிக் கேட்பதை வெளியூர்க்காரர்கள் ஒரு சாமர்த்தியமாக நினைக்கிறார்கள். அதே பழத்துக்கு நகரத்துக் கடையில் ஸ்டிக்கரில் போட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம்.

வாசலூர்பட்டி படகுக் குழாம், சீக்குப்பாறை காட்சி முனை, மாசிலா அருவி, நம் அருவி, மலை உச்சியில் மாசி பெரியண்ணசாமி கோயில் எல்லாவற்றையும் பார்க்க இரண்டு நாள் தாராளமாகப் போதும். மாசிலா அருவிக்குப் படி குறைவு. முதியவர்களை அங்கே அழைத்துப் போகலாம். ஆனால், ஓர் இரவாவது மேலே தங்குங்கள். காலையில் ஏறி மாலையில் இறங்கும் கூட்டம் மலையில் விட்டுப்போவது பெரும்பாலும் குப்பையும் புகையும்தான். தங்குகிறவர்தான் இங்கே சோறு சாப்பிடுகிறார், டீ குடிக்கிறார், சந்தைக்குப் போகிறார், உள்ளூர் ஜீப்பைக் கூப்பிடுகிறார்.

சாலைக்கு வருவோம். சாலை வருவதற்கு முன்பு நோயாளியைத் தூளி கட்டித் தோளில் சுமந்துதான் இறக்கினார்கள். இன்று செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது, 108 வருகிறது. ஆனாலும், கடினமான பிரசவமோ பெரிய விபத்தோ என்றால் அந்த வளைவுகளில் இறங்கித்தான் ஆக வேண்டும். அருவிப் படியில் விழுந்து கால் முறிந்த பயணிக்கும் இடுப்புவலி கண்ட பெண்ணுக்கும் ஒரே ஆம்புலன்ஸ், ஒரே பாதை. இதை மனதில் வைத்துக்கொண்டு விடுமுறை நாளில் வளைவின் நடுவே காரை நிறுத்தி, குடும்பத்தோடு படம் எடுக்கும் காட்சியைப் பாருங்கள். மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது சட்டம். சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகிய பலருக்கு அது தெரிவதில்லை. பேருந்து ஒரு வளைவில் சிக்கினால், கல்லூரிக்கும் கூலி வேலைக்கும் போய்த் திரும்பும் ஐம்பது பேரின் மாலை அங்கேயே நின்றுவிடுகிறது. சேந்தமங்கலத்திலோ காளப்பநாயக்கன்பட்டியிலோ வண்டியை விட்டுவிட்டு அரசுப் பேருந்தில் ஏறினால் பாதி நெருக்கடி குறையும். ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். ஆனால், அப்படி ஏறச் சொல்ல வேண்டுமானால் பேருந்து இருக்க வேண்டும். செம்மேட்டிலிருந்து கோயிலுக்கும் அருவிக்கும் சந்தைக்கும் அரை மணிக்கு ஒன்று ஓட வேண்டும். அப்படி ஓடினால் அது போகும் வழியில் உள்ள ஒவ்வொரு ஊரின் பள்ளிப்பிள்ளைகளும் ஏறிக்கொள்வார்கள்.

அது நடக்கக்கூடிய காரியம் என்பதை ஆடி மாதத்தில் அரசே காட்டிவிடுகிறது. ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா அரசு விழாவாக நடக்கிறது. மலர்க் கண்காட்சி, அரசுத் துறைகளின் அரங்குகள், பழங்குடியினர் ஆட்டம், அம்பெய்யும் போட்டி எல்லாம் செம்மேட்டில் களைகட்டும். நாமக்கல்லிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் சிறப்புப் பேருந்துகள் மலையேறும். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அந்த நாட்களில் மலைக்கு அனுப்ப முடிகிற பேருந்துகளில் இரண்டையாவது விழா முடிந்ததும் கீழே இறக்காமல் செம்மேட்டிலேயே நிறுத்திக்கொள்ளலாம். அருவிகளுக்கு வாங்கும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை அந்தந்த ஊராட்சிக்குக் கொடுத்து, கழிப்பறை கழுவும் ஆளின் சம்பளத்தை அதிலிருந்தே தரச் சொல்லலாம். இரண்டுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. மாவட்ட நிர்வாகமும் போக்குவரத்துக் கழகமும் வனத்துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும், அடுத்த ஆடிக்கு முன்பே இதைச் செய்து முடித்துவிடலாம்.