உஷார்! பள்ளிக்குப் பாதுகாப்பு மானியம் வருகிறது

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பப்ளிக் ஸ்கூலுக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர்களே, உஷார்! "நம் பள்ளி மாவட்டத்துக்கு மாநில அரசின் பாதுகாப்பு மானியம் கிடைத்திருக்கிறது" என்று மின்னஞ்சல் வந்தால், அப்பாடா என்று இருந்துவிடாதீர்கள். பணம் வருவது நல்லதுதான். அது எங்கே போகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

டெக்சாஸின் யுவால்டே ஊரைப் பாருங்கள். 2018இல் அதே மாநிலத்தின் சாண்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில் 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்துப் பள்ளிகளைப் பலப்படுத்த மாநிலம் 10 கோடி டாலர் ஒதுக்கியது. யுவால்டே மாவட்டத்துக்குக் கிடைத்த பங்கு 69,141 டாலர். அந்த மாவட்டத்தில் எதற்குக் குறைச்சல்? பள்ளிக்கென்று தனிப் போலீஸ், உள்ளே வருவோரைச் சரிபார்க்கும் மென்பொருள், சமூக ஊடகக் கண்காணிப்பு, சுற்றிலும் வேலி என எல்லாம் இருந்தன. 2022 மே 24 அன்று ராப் தொடக்கப் பள்ளியில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். 376 போலீசார் வந்து குவிந்தும், கொலையாளியை வீழ்த்த 77 நிமிடம் ஆயிற்று.

அதே ஆண்டு ஜூலையில் டெக்சாஸ் சட்டமன்றக் குழு கொடுத்த விசாரணை அறிக்கையைப் படித்தால் வயிறு எரியும். தாக்குதல் நடந்த 111ஆம் வகுப்பறையின் கதவு சரியாகப் பூட்டாது என்பது பள்ளியில் பலருக்கும் தெரியும். ஆனால் அதைப் பழுதுபார்க்கச் சொல்லி ஒரு உத்தரவுகூட எழுதப்படவில்லை. போதுமான சாவிகள் இல்லாததால், கதவு பூட்டிக்கொள்ளாதபடி கல்லையும் கட்டையையும் முட்டுக்கொடுத்து வைப்பது அங்கே வழக்கமாகியிருந்தது. வேலி வந்தது, மென்பொருள் வந்தது. ஒழுங்கான பூட்டு மட்டும் வரவில்லை.

இது ஒரு ஊரின் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.  கேமரா விற்கிறவர் சட்டமன்ற வாசலிலேயே போய் நிற்கிறார். 2024இல் கன்சாஸ் மாநிலம், துப்பாக்கியை அடையாளம் காணும் செயற்கை நுண்ணறிவுக் கேமரா வாங்கப் பள்ளிகளுக்கு 50 லட்சம் டாலர் வரை மானியம் அறிவித்தது. நிபந்தனைகளைக் கேளுங்கள்: மென்பொருளுக்குக் காப்புரிமை வேண்டும், ஏற்கெனவே குறைந்தது 30 மாநிலங்களில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இன்னும் இப்படிச் சில. அத்தனைக்கும் பொருந்திய நிறுவனம் ஒன்றே ஒன்று, ஸீரோஐஸ். ஆளைப் பார்த்து டெண்டர் எழுதுவது நமக்கென்ன புதிதா? ஆளுநர் லாரா கெல்லி பணத்தை விட்டுவைத்து, அந்த நிபந்தனைகளை மட்டும் அடித்துவிட்டார். எல்லா மாநிலத்திலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று நம்பிக்கொண்டு உட்கார முடியாது.

வாங்கிய கருவிகளாவது வேலை செய்கின்றனவா? நியூயார்க் மாநிலம் யூட்டிகா பள்ளிகளில், லட்சக்கணக்கான டாலர் கொடுத்து, ஆயுதத்தைக் கண்டறியும் எவால்வ் நிறுவன ஸ்கேனர்களைப் பொருத்தினார்கள். 2022 அக்டோபரில் ஒரு மாணவன் ஏழு அங்குலக் கத்தியோடு அவற்றைக் கடந்து போய், சக மாணவனைக் குத்திவிட்டான். கருவியின் திறனை மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக எவால்வ் மீது மத்திய வர்த்தக ஆணையமே நடவடிக்கை எடுத்தது. சில பள்ளிகள் ஒப்பந்தத்தை ரத்துசெய்துகொள்ள 2024இல் வழி பிறந்தது. 2025 ஜனவரியில் நாஷ்வில்லின் ஆண்டியாக் உயர்நிலைப் பள்ளியில் மாணவி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அங்கிருந்த ஆம்னிலெர்ட் கேமரா மென்பொருள் துப்பாக்கியைக் கண்டுபிடிக்கவில்லை. அதே மென்பொருள் அந்த அக்டோபரில் பால்டிமோர் கவுன்டியில் சிப்ஸ் பாக்கெட்டைத் துப்பாக்கி என்றது. போலீசார் வந்து ஒரு மாணவனுக்கு விலங்கு மாட்டிவிட்டார்கள்.

எல்லாக் கருவியும் வீண் என்று சொல்லவில்லை. 2024 செப்டம்பரில் ஜார்ஜியாவின் அப்பலாச்சி பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, ஆசிரியர்கள் கழுத்தில் தொங்கிய அட்டையிலிருந்த அபாயப் பொத்தான்தான் போலீசாருக்கு உடனே தகவல் கொடுத்தது. அட்டையில் ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய கவலை, ஆட்களுக்கான பணம் குறைவது. அமெரிக்க ரகசிய சேவை 2021இல், நடக்காமல் தடுக்கப்பட்ட 67 பள்ளித் தாக்குதல் சதிகளை ஆராய்ந்தது. காப்பாற்றியதில் முதலிடம் சக மாணவர்களுக்கு; யாரோ ஒரு பிள்ளை, நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் வாய் திறந்திருக்கிறது. அந்தப் பெரியவர் பள்ளியில் இருக்க வேண்டாமா? 250 மாணவர்களுக்கு ஒரு ஆலோசகர் வேண்டும் என்கிறது பள்ளி ஆலோசகர்களின் சங்கம். யுவால்டேக்குப் பிறகு 2022இல் வந்த மத்தியச் சட்டம் பள்ளி மனநலப் பணிகளுக்கு 100 கோடி டாலர் கொடுத்தது. 2025 ஏப்ரலில் மத்தியக் கல்வித் துறை அந்த மானியங்களைத் தொடரப்போவதில்லை என்று கடிதம் அனுப்பியது. பல மாநிலங்கள் வழக்குப் போட வேண்டியதாயிற்று.

மாநிலங்களும் கட்டளையைத் தாராளமாகவும் காசைக் கையை இறுக்கியும் கொடுக்கின்றன. ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதம் தாங்கிய அதிகாரி கட்டாயம் என்று 2023இல் டெக்சாஸ் சட்டம் போட்டது. அதற்குக் கொடுத்தது பள்ளிக்கு ஆண்டுக்கு 15,000 டாலரும் மாணவருக்கு 10 டாலரும். ஒரு அதிகாரியின் முழுச் சம்பளத்துக்கு இது காணாது. 2025இல் தொகையை உயர்த்தினார்கள். அதற்கு முன்பே பல மாவட்டங்கள் துண்டு விழுந்த தொகையைப் பொதுக் கணக்கிலிருந்து, அதாவது வகுப்பறைக்குப் போக வேண்டிய காசிலிருந்து, எடுத்தாயிற்று.

டல்லாஸ், ஹூஸ்டன் பக்கத்துத் தமிழர்களுக்கு ஒரு தகவல். டெக்சாஸ் சட்டப்படி ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் பெற்றோர் இருவருக்கு இடம் உண்டு. பருவத்துக்கு ஒரு முறையாவது அது கூடியாக வேண்டும். ஸ்பெல்லிங் பீக்கும் ராபாட்டிக்ஸ் போட்டிக்கும் ஓடுகிற நாம் அந்தக் கூட்டத்துக்கு எத்தனை பேர் போயிருக்கிறோம்? அடுத்த கூட்டத் தேதியை இன்றே விசாரியுங்கள். போய் இதைக் கேளுங்கள்: எல்லா வகுப்பறைக் கதவும் பூட்டுகிறதா, கடைசியாக யார் சோதித்தார்? மானியம் தீர்ந்த பிறகு கருவியின் ஆண்டுச் சந்தாவை யார் கட்டுவது? எத்தனை மாணவருக்கு ஒரு ஆலோசகர்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.