எல்லா வயிற்றுவலியும் கேஸ்ட்ரிக் அல்ல

மேல்வயிற்றில் தொடங்கும் வலி முதுகுவரை ஊடுருவுகிறது. மல்லாந்து படுக்க முடியவில்லை. முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் சற்றுத் தாங்குகிறது. வாந்தி நிற்கவில்லை. இந்த நிலையிலும் நம்மவர்கள் "கேஸ்ட்ரிக்தான்" என்று சொல்லிக் கடை மருந்தைக் குடித்துவிட்டுப் படுக்கிறார்கள். ஜொகூரின் மாசாயிலிருந்தும் ஸ்கூடாயிலிருந்தும் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்று அதே வலியோடு மோட்டார் சைக்கிளில் ஏறுகிறார்கள். வலி தாங்காமல் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி நினைவுக்கு வருகிறது. இந்த வலி கணைய அழற்சியாக இருக்கலாம். கடுமையானால் சிறுநீரகமும் நுரையீரலும் செயலிழக்கும், உயிரும் போகலாம்.

கணையம் நாள்தோறும் ஒரு லிட்டருக்கு மேல் செரிமானச் சாறு சுரக்கிறது. இறைச்சியையும் பருப்பையும் சிதைக்கும் நொதிகள் அதில் உறையிலிட்ட கத்தியாகவே இருக்கின்றன. அவற்றுள் டிரிப்சினோஜன் என்ற உறங்கும் நொதி முன்சிறுகுடலை அடைந்ததும், குடல் சுவரிலுள்ள என்டெரோகைனேஸ் அதன் முனையில் ஒரு சிறு துண்டை வெட்டிவிடுகிறது. உடனே அது டிரிப்சின் ஆகி, மற்ற நொதிகளையும் எழுப்புகிறது. கணைய நொதியைக் குடல்தான் எழுப்புகிறது என்பதை 1899இல் ரஷ்ய உடலியலாளர் பாவ்லவின் ஆய்வகம் வெளிப்படுத்தியது. இந்த விழிப்பு குடலில்தான் நடக்க வேண்டும். கணையத்துக்குள்ளேயே நடந்துவிட்டால், கணையம் தன்னைத்தானே செரித்துக்கொள்கிறது.

அப்படி நடக்க முக்கியக் காரணங்கள் இரண்டு: பித்தப்பைக் கல், மது. பித்தநாளமும் கணைய நாளமும் குடலில் திறக்கும் இடத்தில் கல் அடைத்தால் போதும். மதுவைப் பொறுத்தவரை, தோட்டங்களில் சம்சு சாராயம் குடித்தே குடும்பங்கள் அழிந்ததை நாம் அறிவோம். இன்று பாட்டில் மாறியிருக்கிறது, குடல் மாறவில்லை. நீரிழிவு கட்டுப்படாமல் டிரைகிளிசரைடு லிட்டருக்கு 11 மில்லிமோலைத் தாண்டினாலும் ஆபத்து. "நான் குடிக்கிறவனில்லை, எனக்கு வராது" என்று சொல்லாதீர்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மதுவே தொடாத இளைஞர்களுக்குக் கணையத்தில் கல் படியும் ஒரு வகை நெடுநாளாகக் காணப்படுகிறது. டிரிப்சினை அடக்கிவைக்கும் ஒரு மரபணுவிலுள்ள குறைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

இனி, செய்ய வேண்டியது. வலி முதுகுக்குப் பரவி, வாந்தியும் சேர்ந்தால் நேரே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்: ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா அல்லது சுல்தான் இஸ்மாயில், குளுவாங், கூலாய், சிகாமட், மூவார், பத்து பகாட்டில் இருப்பவர்களுக்கு அந்தந்த ஊர் மருத்துவமனை. நடக்க முடியாவிட்டால் 999. வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, எவ்வளவு குடித்தீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மனைவி பக்கத்தில் நிற்கிறார் என்பதற்காகக் குடியை மறைக்கிறவர்கள் ஏராளம். மருத்துவர் தவறான பாதையில் போவார். "லைபேஸ் பார்த்தீர்களா, டாக்டர்?" என்று கேளுங்கள். இரத்தத்தில் கணைய நொதிகளான லைபேஸோ அமைலேஸோ வழக்கமான உச்ச அளவைப்போல் குறைந்தது மூன்று மடங்கு இருந்து, வலியும் இப்படி இருந்தால் நோய் உறுதியாகிவிடும். இரண்டில் லைபேஸ்தான் நீண்ட நாள் உயர்ந்து நிற்கும். தாமதமாக வந்தவர் அதைத்தான் கேட்க வேண்டும்.

நான் அதிகம் அஞ்சுவது வீடு திரும்பும் நாளைத்தான். வலி போனதும் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வயிற்று ஸ்கேனில் பித்தப்பைக் கல் இருந்ததா? இருந்தால், நோய் லேசானதென்றால் அதே அனுமதியிலேயே பித்தப்பையை எடுத்துவிடுவதுதான் இன்று ஏற்கப்பட்ட முறை. அறுவைக்கூடம் கிடைக்கவில்லை என்றால் தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "பிறகு கூப்பிடுகிறோம்" என்று கவுன்டரில் சொன்னால் நகராதீர்கள். நோயாளிக்குப் புரியும் மொழியில் ஆபத்தைச் சொல்லாமல் ஒரு துண்டுச் சீட்டோடு அனுப்புவதை எந்த அதிகாரியும் வேலைப்பளு என்று நியாயப்படுத்த முடியாது. நீங்களும் பிரிபெய்ட் எண்ணை மாற்றிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். புதிய எண்ணை அறுவைச்சிகிச்சை கிளினிக்கில் பதியுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகலை உங்கள் கிளினிக் கெசிஹாத்தானில் காட்டுங்கள். தேதி தள்ளிக்கொண்டே போனால் மருத்துவமனையின் பொதுத்தொடர்புப் பிரிவில் எழுதிக் கொடுங்கள், அல்லது சுகாதார அமைச்சின் சிஸ்பா இணையதளத்தில் புகார் செய்து புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். கல்லை விட்டுவைத்தால் நோய் திரும்பி வரும். மீண்டும் சொல்கிறேன், திரும்பி வரும்.

அடுத்து, "என்சைம் பவுடர் கணையத்தைச் சுத்தம் செய்யும்" என்று வீடு தேடி வரும் விற்பனையாளர்கள். நாட்பட்ட அழற்சியில் கணையம் செயலிழந்தவர்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் நொதி மாத்திரை உண்டு. அது இரைப்பை அமிலத்தில் கெடாமல் குடலில் கரையும்படி பூசப்பட்டது, சாப்பாட்டோடு சாப்பிடுவது. பவுடர் அதற்கு ஈடல்ல. பெட்டியில் 'மால்' என்று தொடங்கி, எட்டு இலக்கங்களைத் தொடர்ந்து எழுத்தில் முடியும் பதிவு எண்ணைத் தேடுங்கள். கடைசி எழுத்து 'என்' என்றால் அது சத்துப்பொருள் மட்டுமே, நோய்க்கு மருந்தல்ல. எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். எண்ணே இல்லாமல் நோய் தீரும் என்று விற்றால், ஜொகூர் மாநில சுகாதாரத் துறையின் மருந்தக அமலாக்கப் பிரிவில் பெட்டியோடும் ரசீதோடும் புகார் கொடுங்கள். ரசீது இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

மதுவால் ஒருமுறை இந்த நோய் வந்தவர் இனி ஒரு கோப்பைகூடத் தொடக் கூடாது. வலி வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள்; மலேசியக் குடிமக்களுக்கு அரசு அவசரப் பிரிவின் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்.