பயத்தம்பருப்பும் நம் கடை வியாபாரமும்



மளிகைக் கடைக்கு வருகிறவர்கள் ஏதோ ஒரு சமையலை மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அந்தச் சமையல் வீட்டில் நின்றுபோனால், அதற்குரிய நாலைந்து சரக்குகளின் விற்பனையும் சேர்ந்தே நின்றுபோகும். இதை நம் தஞ்சை மாவட்டத்துப் பதார்த்தங்களைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாட்கள் முன்பாக, வயலில் ஈரம் காயுமுன் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது நம் பக்கத்து வழக்கம். தையில் தெளித்தது பங்குனி, சித்திரையில் கைக்கு வந்துவிடும். தனி உழவு கிடையாது. நெல்லுக்குப் பாய்ச்சிய ஈரமும் பனியுமே பெரும்பாலும் போதும். அந்தப் பயற்றை உடைத்துத் தோல் நீக்கியதே பாசிப்பருப்பு. நம் வீடுகளில் பயத்தம்பருப்பு என்போம்.

பாபநாசத்துக்குக் கிழக்கே கும்பகோணம், மேற்கே திருவையாறு. கும்பகோணத்துக்குக் கடப்பா, திருவையாற்றுக்கு அசோகா. இரண்டுக்கும் அடிப்படை பயத்தம்பருப்புதான்.

கடப்பா, இட்லி தோசைக்குத் தொட்டுக்கொள்வது. நாலு பேருக்கு 100 கிராம் பருப்பைக் குழைய வேகவைத்து, கால் கிலோ உருளைக்கிழங்கை வேகவைத்து உதிர்த்துக்கொள்ள வேண்டும். தேங்காய், பச்சை மிளகாய், சோம்பு, கசகசா, பொட்டுக்கடலை, பூண்டு ஆகியவற்றை அரைக்க வேண்டும். பட்டை, கிராம்பு, வெங்காயம் தாளித்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் ஆயிற்று. சாம்பார்ப் பொடியும் வேண்டாம், புளியும் வேண்டாம்.

அசோகாவுக்குப் பருப்பை வறுத்து, வேகவைத்து மசித்து, நெய்யில் வறுத்த கோதுமை மாவு, சர்க்கரை, கேசரிப் பவுடர் சேர்த்துக் கிளறி, ஏலக்காயும் முந்திரியும் போட்டு இறக்குவார்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். ஒரு வீட்டில் கடப்பா செய்தால் பருப்பு, சோம்பு, கசகசா, பொட்டுக்கடலை, பட்டை, கிராம்பு என்று ஆறு சரக்கு நம் கடையிலிருந்து போகிறது. அதே வீட்டார் ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்டால் நமக்கு ஒன்றும் இல்லை. பெரிய கடைகள் விலையைக் குறைக்கலாம். ஆனால் எந்தச் சமையலுக்கு எது, எவ்வளவு என்று கேட்டவுடன் சொல்ல அங்கே யார் நிற்கிறார்கள்? சிறு கடைக்காரரின் பலம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆகவே மூன்று யோசனைகள்.

முதலாவது, கடப்பாவுக்கு வேண்டிய சாமான்களை அளவாக நிறுத்து, ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். செய்முறையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். புதிதாகக் குடித்தனம் தொடங்கும் பெண்கள் மீண்டும் நம்மிடமே வருவார்கள்.

இரண்டாவது, பருப்பின் நிறம். பளபளப்பைக் கண்டு கொள்முதல் செய்யாதீர்கள். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் விட்டு ஒரு பிடி பருப்பைப் போட்டுக் கலக்குங்கள். லேசாகக் கலங்கினால் அது மாவும் தூசியும். பளிச்சென்று மஞ்சள் இறங்கினால் சாயம் என்று சந்தேகப்பட்டு, அந்த மூட்டையை ஏற்காதீர்கள். பருப்பில் சாயம் ஏற்றுவது சட்டப்படி குற்றம். சில்லறையில் விற்கும்போது வாடிக்கையாளர் பிடிப்பது நம் கையைத்தான்.

மூன்றாவது மிக முக்கியம். நம் பகுதியில் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். ஊருக்குத் திரும்பும் பிள்ளைக்கு மளிகை கட்டும்போது கசகசாவையும் சேர்த்துவிடுவார்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். விமான நிலையத்தில் பிடிபட்டால் வழக்கு வரை போகும். “வெளிநாட்டுக்கா அம்மா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆம் என்றால் கசகசாவை எடுத்துவிட்டு, பொட்டுக்கடலையையும் முந்திரியையும் சற்றுக் கூட்டிப் போடச் சொல்லுங்கள். கடப்பா கெட்டியாகவே வரும். ஐம்பது கிராம் வியாபாரம் குறைந்தாலும் ஒரு குடும்பம் காப்பாற்றப்படும்.

சரக்கை விற்பதோடு சமையலையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் கடையை ஊர் மறக்காது. வரும் பங்குனியில் புதுப்பயறு வரத்து தொடங்கும்போதே இதை நம் கடைகளில் ஆரம்பிப்போம்.