உப்பு எங்கே போகிறது?

ஒரு கிலோ பனியன் துணிக்குக் கருநீலச் சாயம் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் ஏழு லிட்டர் சாயக்கரைசல் போதும். டார்க் ஷேடு என்பதால் லிட்டருக்கு 60 கிராம் உப்பு சேர்த்தால், மொத்தம் 420 கிராம். துணியின் எடையில் கிட்டத்தட்டப் பாதி. சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும், உப்பு தங்காது. போட்ட உப்பெல்லாம் தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

திருப்பூரின் வளர்ச்சியையும் நொய்யல் ஆற்றின் அழிவையும் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு ஒன்று போதும். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்த ஊரிலிருந்து போகிறது. 2024-25இல் ஏற்றுமதி மட்டும் சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய். தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பிகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்த பல லட்சம் பேருக்குச் சோறு போடும் ஊர். அதை மூடிவிடலாம் என்று சொல்வது சுலபம். சொல்பவர்கள் அங்கே கூலி வாங்குபவர்களாக இருப்பதில்லை.

சாயத்துக்கு எதற்கு உப்பு? பருத்தி இழை தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பில் எதிர்மின் ஏற்றம் உண்டாகிறது. ரியாக்டிவ் சாய மூலக்கூறுக்கும் எதிர்மின் ஏற்றமே. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். உப்பிலிருக்கும் சோடியம் நேர்மின் அயனி. அது இழையின் ஏற்றத்தைத் தணித்து, சாயத்தை நெருங்க விடுகிறது. பிறகு சோடா சாம்பலைச் சேர்த்துக் காரத்தன்மையைக் கூட்டினால், சாயம் பருத்தியோடு வேதிப்பிணைப்பில் இணைகிறது. பலமுறை துவைத்தாலும் எளிதில் வெளுக்காத நிறம் கிடைப்பது இதனால்தான். ஆனால் சாயத்தில் ஒரு பங்கு இழையோடு சேராமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிறது. அலசி வெளியேற்றும் கழிவில் அந்த நிறம் கண்ணுக்குத் தெரியும். உப்பு தெரியாது.

ஊரும் அதிகாரிகளும் முதலில் நிறத்தைத்தான் பார்த்தார்கள். 1990களின் இறுதியில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் கலந்து நிறத்தைக் கசடாகப் படிய வைத்தார்கள். தெளிந்த நீர் ஆற்றில் விடப்பட்டது. அதில் உப்பு குறையவே இல்லை. கலந்த ரசாயனங்களால் சற்றுக் கூடியிருக்கவும் வேண்டும். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மிகக்கூடாது என்பது விதி. சாயக்கழிவில் அதைப்போல் மூன்று மடங்கு இருப்பது சாதாரணம். சுத்தமாகத் தெரிந்த நீர்தான் வயல்களைக் கெடுத்தது.

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் காவிரிக்குப் போகும் ஆறு நொய்யல். கொங்கு நாடு மழை மறைவுப் பகுதி. ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் நீரோட்டம் இருக்காது. சாயக்கழிவை நீர்க்கச் செய்ய வேறு தண்ணீர் இல்லாததால், கழிவே ஆறாக ஓடியது. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை 1992இல் முடிந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குளமாகிவிட்டது. அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்க வேண்டிய நிலை வந்தது. தண்ணீருக்காகப் போராடிப் பழகிய நாட்டில் இதைவிட வேதனையான கோரிக்கை இருக்க முடியாது.

உப்பு மண்ணை எப்படிக் கொல்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்து, மண்ணைப் பொலபொலவென்று வைத்திருப்பது கால்சியம். சோடியம் மிகுந்த நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் கால்சியம் இருந்த இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்கிறது. துகள்கள் பிரிந்து நுண்துளைகளை அடைக்க, மண் இறுகிவிடுகிறது. பெய்த மழை உள்ளே இறங்காது, வேர் மூச்சுவிடாது. கீழே இருப்பதோ கடினப்பாறை. அதன் விரிசல்களில் தேங்கிய உப்புநீரை வெளியேற்றப் பல மழைக்காலங்கள் வேண்டும். ஆற்றில் கழிவு நின்ற பிறகும் கிணறுகள் உப்புக் கரித்தது இதனால்தான்.

வளர்ச்சி வேண்டும், ஆனால் அடுத்த தலைமுறையின் பங்கைத் தின்னக்கூடாது என்று 1987இல் ஐ.நா.வின் புரூண்ட்லாண்ட் குழு சொன்னது. அதை இந்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததும் தமிழ்நாட்டுக் கழிவுநீர்தான். பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் குறித்த வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நொய்யல் விவசாயிகளும் அதே வழியில் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன.

மீண்டும் திறக்க விதித்த நிபந்தனை, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்பது. முதலில் நுண்ணுயிரிகள் கரிமக் கழிவைத் தின்கின்றன. பிறகு எதிர் சவ்வூடுபரவலில் நல்ல நீரைப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் அடர்ந்த உப்புநீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்குகிறார்கள். சுமார் பத்தில் ஒன்பது பங்குத் தண்ணீர் பட்டறைக்கே திரும்புகிறது. உப்பிலும் பெரும்பகுதியை மீட்டு மறுபடி சாயத்தொட்டியில் போடுகிறார்கள். உலகில் எந்தத் துணி நகரத்துக்கும் இதைப் பெருமையாகக் காட்டலாம். அந்தப் பெருமைக்கு உரியவர்கள் பொறியாளர்களும் பட்டறைக்காரர்களும் மட்டுமல்ல. வழக்காடிய விவசாயிகளும்தான்.

ஆனால் இயற்பியலை ஏமாற்ற முடியாது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க 540 கிலோ கலோரி வேண்டும். ஆவியின் வெப்பத்தை அடுத்தடுத்த கலன்களில் மறுபடி பயன்படுத்திச் செலவைக் குறைத்தாலும், கொதிகலனுக்கு விறகோ நிலக்கரியோ வேண்டும். ஆற்றை மாசாக்கியதற்குப் பதில் இப்போது ஒரு பகுதி மாசைப் புகையாக வானத்தில் விடுகிறோம். கடைசியில் பிரிக்க முடியாத கலப்பு உப்பு ஒன்று மிஞ்சுகிறது. சாயமும் பிற கழிவும் சேர்ந்த அதை வாங்க ஆளில்லை. மூட்டைகளாகக் கட்டிக் கொட்டகைகளில் அடுக்குகிறார்கள். காவிரிக் கரையிலுள்ள பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கமோ நிலைமை வேறு. அனுமதியில்லாத பட்டறைகளை இடிப்பதும் அவை மீண்டும் முளைப்பதும் அங்கே வழக்கமாகிவிட்டது. அந்தப் பட்டறைகளின் கழிவு நேரே காவிரியில் கலக்கிறது.

அறிவியல் இதற்கு வழி காட்டாமல் இல்லை. பருத்தி இழைக்கே நேர்மின் ஏற்றம் கொடுத்துவிட்டால் உப்பில்லாமலே சாயம் ஏறும். குறைந்த உப்பில் வேலை செய்யும் சாயங்களும் இருக்கின்றன. விலைதான் கூடுதல். அதைத் திருப்பூர்ப் பட்டறைக்காரரின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல. தன் விளம்பரத்தில் பசுமை பேசும் வெளிநாட்டு நிறுவனம், ஒரு டி-ஷர்ட்டுக்குச் சில காசு குறைகிறது என்பதற்காக, கழிவைச் சுத்திகரிக்காத நாட்டுக்கு ஆர்டரை மாற்றக்கூடாது.

அரசு உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையத்திலும் இந்த மாதம் எத்தனை டன் உப்பு வாங்கினார்கள், எத்தனை டன் மீட்டார்கள், கொட்டகையில் எத்தனை டன் நிற்கிறது என்ற கணக்கை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாதந்தோறும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். உப்பு அழியாத பொருள். வாங்கியதற்கும் மீட்டதற்கும் இருப்பதற்கும் இடையே கணக்கு உதைத்தால், அந்த வித்தியாசம் ஏதோ ஓர் ஆற்றிலோ கிணற்றிலோதான் இருக்கிறது.