வனத்துறை காக்கும் கடற்புல் காடு

புதுக்கோட்டை என்றதும் நார்த்தாமலைக் குன்றுகளும், சாலையோரம் அணிவகுத்து நிற்கும் தைலமரங்களும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், இந்த மாவட்டத்தின் வன அலுவலருக்குக் கடலிலும் பொறுப்பு உண்டு. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடற்பசுவுக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் பாதுகாப்பகம் இதுதான். நாட்டில் சுமார் 240 கடற்பசுக்களே எஞ்சியிருப்பதாக அப்போது கணிக்கப்பட்டது.

வன அதிகாரியின் வேலை மரத்தில்தான் தொடங்கியது. 1856-ல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராகப் பொறுப்பேற்ற ஹியூ கிளெக்ஹார்ன் சென்னையில் பிறந்தவர். மருத்துவர், தாவரவியல் அறிஞர். ரயில் பாதைக்குச் சிலீப்பர் கட்டையும் எஞ்சினுக்கு விறகும் கேட்டுக் காடுகள் வெட்டப்பட்ட காலம் அது. எதை வெட்டலாம், எதை விட்டுவைக்கலாம் என்பதே அன்றைய பெரிய கேள்வி. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பணியை விரிவாக்கியது. புலி, யானையோடு கடற்பசுவும் அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது.

பூக்கும் புல்வெளி

பாக் விரிகுடா மீனவர்கள் கடற்பசுவை ஆவுளியா என்பார்கள். சுமார் மூன்று மீட்டர் வரை வளரும் இந்தப் பாலூட்டி, நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை கடற்புல் மேயும். கடற்புல் பாசியல்ல, வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள தாவரம். வெயில் எட்டும் ஆழத்தில்தான் வளரும் என்பதால், ஆழம் குறைந்த பாக் விரிகுடா அதற்கு ஏற்ற இடம். இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளர்வது இந்தப் புல்வெளிகளில்தான். காற்றிலிருந்து கடலில் கரையும் கரியமில வாயுவின் ஒரு பகுதியை உள்வாங்கிச் சேற்றில் புதைத்துவைப்பதும் இவைதான்.

இழுவை மடி தரையை உரசிச் சென்றால் புல் வேரோடு பெயர்ந்துவிடும். கரையிலிருந்து வரும் வண்டல் நீரைக் கலக்கினால் வெயில் மறைந்து புல் மடியும். புதுக்கோட்டை வழியாக ஓடிவரும் வெள்ளாறு இந்த விரிகுடாவில்தான் கலக்கிறது. ஆகவே, மேட்டு நிலத்தில் மண்ணரிப்பைத் தடுப்பதும் கடற்புல்லைக் காப்பதும் ஒரே வேலையின் இரு முனைகள்.

இரண்டு காலக்கணக்கு

ஆவுளியா 70 வயது வரை வாழக்கூடியது. பெண் ஆவுளியா முதல் கன்றை ஈனப் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேலாகும். சினைக்காலம் ஓராண்டுக்கும் அதிகம். ஒரு ஈற்றுக்கு ஒரு கன்றுதான். அடுத்த கன்றுக்கு 3 முதல் 7 ஆண்டுகள் ஆகலாம். மூச்சுவிட அடிக்கடி மேலே வரவேண்டிய இந்த உயிர், வலையில் சிக்கினால் நீருக்குள்ளேயே திணறி இறந்துவிடும். ஒரு தாயின் இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் தேவைப்படும்.

மாவட்ட வன அலுவலர் ஓர் ஊரில் சில ஆண்டுகள்தான் இருப்பார். அவர் பொறுப்பேற்ற ஆண்டில் பிறந்த கன்று தாயாவதற்கு முன்பே மாறுதலாகிப் போய்விடுவார். தன் உழைப்பின் பலனைத் தானே பார்க்க முடியாத பணி இது. அதனால் அவர் விட்டுச்செல்லும் பதிவேடு முக்கியம்: புல்வெளியின் பரப்பு, ஆவுளியா தென்பட்ட இடம், வலையில் சிக்கிய நாள். ஆள் மாறினாலும் இந்தக் கணக்கு அறுபடக் கூடாது.

அதிகாரிகள் மாறினாலும் மாறாதவர்கள் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள். இத்தகைய பாதுகாப்பகத்தின் மேலாண்மைக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிகளுக்குச் சட்டமே இடம் தருகிறது. வலையில் சிக்கிய ஆவுளியாவைக் கடலில் விட்ட மீனவர்களை வனத்துறை வெகுமதி தந்து பாராட்டியும் வருகிறது.

நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைக் கொண்டு வன அலுவலரை மதிப்பிடும் பழக்கம் மாற வேண்டும். கடற்புல் எவ்வளவு பரவியது, எத்தனை மீனவர்கள் கைகோத்தார்கள் என்பதே புதுக்கோட்டைக்குப் பொருத்தமான அளவுகோல். இந்திய வனப் பணித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் மலைக்காட்டைப் போலவே இந்தக் கடற்காட்டையும் படித்துக்கொண்டு வரட்டும்.