ஜாங்கோ வெப்சைட்ல எரர் வந்தா பயப்படாதீங்க, கணக்கு தப்பா வந்தா பயப்படுங்க



மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில ஒரு ஸ்வீட் கடைன்னு வச்சுக்கோங்க. தீபாவளிக்கு முன்னாடி ஆன்லைன்ல ஆர்டர் எடுக்கணும்னு ஓனருக்கு ஆசை. நீங்க மெப்ஸ்லயோ சிறுசேரியிலயோ வேலை பார்க்கறவர், பைத்தான் தெரியும். 40,000 ரூபாய்க்குப் பேசி முடிச்சு, சனி ஞாயிறுல உட்கார்ந்து ஜாங்கோவுல வெப்சைட் பண்ணிக் கொடுக்கறீங்க. ஊரப்பாக்கத்துல வீட்டு வாடகை, பைக் இஎம்ஐ எல்லாம் போக, இந்த மாதிரி சைடு வருமானம் பெரிய உதவிதான்.

ஒரு பட்டயக் கணக்காளர் ஏன் ப்ரோகிராமிங் பத்தி எழுதணும்? காரணம் இருக்கு. அந்த வெப்சைட்டைக் கடைசியா படிக்கிற ஆள் கஸ்டமர் இல்ல. கடைக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடற கணக்காளர். உங்க டேட்டாபேஸ்ல இருந்து வர்ற எக்செல் ஷீட்தான் எங்க மேசைக்கு வரும். அது பேங்க் ஸ்டேட்மென்ட்டோட ஒத்துப் போகலைன்னா ஓனர் உங்களுக்குத்தான் போன் பண்ணுவார். பாக்கி 20,000 ரூபாயும் அங்கேயே நிக்கும்.

ஜாங்கோ பிறந்தது அமெரிக்காவுல, கான்சாஸ் மாநிலத்துல லாரன்ஸ்ங்கற ஊர்ல ஒரு செய்தித்தாள் அலுவலகத்துல. 2005-ல பொதுவா வெளியிட்டாங்க. கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் பேரை வச்சாங்க. செய்தியை வேகமா வலையேத்தறதுக்காக உருவான கருவி அது. இந்திய ஜிஎஸ்டி, நம்ம நிதியாண்டு, பைசா கணக்கு எல்லாம் அதுக்குத் தானா தெரியாது. நாமதான் சொல்லிக் கொடுக்கணும்.

பிரச்சினைகள் ரெண்டு வகை. ஒண்ணு கத்திச் சொல்ற எரர். இன்னொண்ணு வாயே திறக்காத எரர். முதல் வகை உங்க நேரத்தைத் தின்னும். ரெண்டாவது வகை பணத்தைத் தின்னும்.

கத்திச் சொல்ற எரர்கள்

இதுங்களைச் சுருக்கமா பார்த்துடலாம்.

• ஜாங்கோங்கற மாட்யூலே இல்லன்னு சொன்னா, பெரும்பாலும் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டை ஆக்டிவேட் பண்ண மறந்திருப்பீங்க. மறுபடி இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி அதைப் பாருங்க.

• டேபிள் இல்லன்னு வந்தா, மாடலை மாத்திட்டு மைக்ரேஷன் ஓட்டலைன்னு அர்த்தம். மேக்மைக்ரேஷன்ஸ் திட்டம் போடும், மைக்ரேட்தான் வேலையைச் செய்யும். ரெண்டும் வேணும். சர்வர்லயும் மைக்ரேட் ஓட்டணும்.

• உங்க லேப்டாப்ல அழகா இருந்த சைட், சர்வர்ல கலரே இல்லாம வெறும் எழுத்தா வருதா? டீபக் அணைச்சா ஸ்டாட்டிக் ஃபைலை ஜாங்கோ தானா கொடுக்காது. கலெக்ட்ஸ்டாட்டிக் ஓட்டி, என்ஜின்எக்ஸ் வழியாவோ ஒயிட்நாய்ஸ் வழியாவோ கொடுக்கணும்.

• எல்லாப் பக்கமும் 400 காட்டினா, அலவ்ட் ஹோஸ்ட்ஸ்ல உங்க டொமைன் பேர் இருக்கான்னு பாருங்க.

• ஃபார்ம் அனுப்பினா 403 வருதா? டெம்ப்ளேட்ல சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் இருக்கான்னு பாருங்க. இருந்தும் வந்தா, சிஎஸ்ஆர்எஃப் டிரஸ்டட் ஆரிஜின்ஸ்ல டொமைனை முன்னாடி எச்டிடிபிஎஸ் சேர்த்து எழுதணும். ஜாங்கோ 4.0-ல இருந்து அது கட்டாயம்.

இதுல ஒரு எச்சரிக்கை. கலர் போன பிரச்சினை டீபக்கை ஆன்ல வச்சா பல நேரம் மாயமா சரியாயிடும். அதனால பலர் அப்படியே விட்டுடறாங்க. அப்புறம் ஏதாவது எரர் வந்தா, அந்த மஞ்சள் பக்கத்துல உங்க கோடும் வேரியபிள் மதிப்புகளும் யார் வேணும்னாலும் பார்க்கற மாதிரி திறந்து கிடக்கும். சில ரகசியங்களை ஜாங்கோ மறைக்கும், எல்லாத்தையும் மறைக்காது. கஸ்டமரோட போன் நம்பரும் அதுல வரலாம். லைவ் போறதுக்கு முன்னாடி மேனேஜ் பை-ல செக் கமாண்டை டெப்ளாய் ஆப்ஷனோட ஒரு தடவை ஓட்டுங்க. எதெல்லாம் ஆபத்துன்னு அதுவே பட்டியல் போட்டுடும்.

வாயே திறக்காத எரர்கள்

இனிமேதான் முக்கியமான பகுதி. இதுல எந்தச் சிவப்பு எழுத்தும் வராது. சைட் ஓடும், ஆர்டர் வரும், எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்க. மாசக் கடைசியில கணக்கு மட்டும் உதைக்கும்.

1. பணத்தை ஃப்ளோட்ல வைக்கறது

53 ரூபாய் 50 பைசாவுக்கு ஒரு சின்ன மிக்சர் பாக்கெட். ஜிஎஸ்டி 5%. வரி 2.675, ரெண்டு தசமத்துக்கு 2.68 வரணும். பைத்தான்ல சாதாரண எண்ணா 53.5-ஐ 5-ஆல பெருக்கி 100-ஆல வகுத்து ரவுண்ட் பண்ணிப் பாருங்க. 2.67 வரும். அதையே 53.5-ஐ 0.05-ஆல பெருக்கி ரவுண்ட் பண்ணுங்க. 2.68 வரும். ஒரே கணக்குக்கு ரெண்டு விடை! கார்ட் பக்கத்துல ஒரு மாதிரியும் பில்லுல இன்னொரு மாதிரியும் எழுதியிருந்தீங்கன்னா முடிஞ்சது கதை.

காரணம் சுலபம். 2.675-ஐ கம்ப்யூட்டர் பைனரியில துல்லியமா வைக்க முடியாது. அதுக்குக் கொஞ்சம் கீழேயோ மேலேயோ இருக்கற எண்ணைத்தான் வச்சுக்கும்.

தீர்வு: மாடல்ல ஃப்ளோட்ஃபீல்டு வேண்டாம், டெசிமல்ஃபீல்டு வைங்க. டெசிமல் உருவாக்கும்போது எண்ணை மேற்கோள் குறிக்குள்ள கொடுங்க. இல்லைன்னா ஃப்ளோட்டோட பிழை அப்படியே உள்ள வந்துடும். அடுத்து ரவுண்டிங். பைத்தானோட வழக்கம், சரிபாதியில இருந்தா இரட்டை எண் பக்கம் போறது. 2.5-ஐ ரவுண்ட் பண்ணா 2-தான் வரும், 3 இல்ல. ஆனா சிஜிஎஸ்டி சட்டம் பிரிவு 170, வரித் தொகையை முழு ரூபாயாக்கும்போது 50 பைசாவும் அதுக்கு மேலயும் இருந்தா மேலே கூட்டணும்னு சொல்லுது. அதனால ரவுண்ட் ஹாஃப் அப்-னு நீங்களே தெளிவா எழுதிடுங்க. வரி கணக்கு ஒரே ஒரு ஃபங்ஷன்ல இருக்கட்டும். கார்ட், பில், ரிப்போர்ட் மூணும் அதையே கூப்பிடட்டும்.

2. ரூபாயா, பைசாவா

ரேசர்பே மாதிரி பேமென்ட் கேட்வேக்குத் தொகையைப் பைசாவுலதான் அனுப்பணும். 500 ரூபாய்க்கு 50000. நீங்க 500-னு அனுப்பினா கஸ்டமர் 5 ரூபாய் கட்டிட்டுப் போயிடுவார். இதையாவது சீக்கிரம் கண்டுபிடிச்சுடலாம். 19.99-ஐ ஃப்ளோட்டா 100-ஆல பெருக்கி முழு எண்ணாக்கினா 1999 வராது, 1998 வரும். அந்த ஒரு பைசாவைத் தேடிக் கணக்காளர் ஒரு மத்தியானத்தையே தொலைப்பார். இங்கேயும் டெசிமல்தான் மருந்து.

3. நேரம் அஞ்சரை மணி தள்ளி ஓடறது

ஜாங்கோவுல புது ப்ராஜெக்ட் ஆரம்பிச்சா டைம் ஸோன் யூடிசி-னு இருக்கும். நம்ம நேரம் அதை விட அஞ்சரை மணி முன்னாடி. அதாவது ஏப்ரல் 1 காலை 4.30-க்கு வந்த ஆர்டர், யூடிசி கணக்குல மார்ச் 31 ராத்திரி 11 மணி. ஒரு ஆர்டர் போன நிதியாண்டுக்குள்ள போய் உட்கார்ந்துடும்! இது வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கறதும் இல்ல. ஒவ்வொரு மாசமும் 1-ஆம் தேதி விடியற்காலை ஆர்டர் எல்லாம் போன மாச ஜிஎஸ்டிஆர் 1-ல விழும்.

டைம் ஸோனை ஏசியா/கொல்கத்தான்னு மாத்துங்க. யூஸ் டிஇசட் ஆன்லயே இருக்கட்டும். அது மட்டும் போதாது. டைம்ஸோன் நவ்-ல இருந்து நேரா டேட் எடுத்தீங்கன்னா அப்பவும் யூடிசி தேதிதான் வரும். அதுக்குப் பதிலா லோக்கல்டேட் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்க.

4. பணம் போச்சு, ஆர்டர் வரலை

கஸ்டமர் பல்லாவரம் தாண்டி ஓடற லோக்கல் ட்ரெயின்ல நின்னுக்கிட்டே யுபிஐ-ல பணம் கட்டறார். பணம் போயிடுச்சு, ஆனா சிக்னல் போனதால "நன்றி" பக்கம் திறக்கலை. உங்க கோடு அந்தப் பக்கம் திறந்தாத்தான் ஆர்டரை உறுதி செய்யும்னா, டேட்டாபேஸ்ல அது பெண்டிங். கடைக்காரர் பாக்கெட்ல பணம், கஸ்டமர் கையில ஒண்ணும் இல்ல.

இதுக்குத்தான் வெப்ஹூக். பணம் வந்ததும் கேட்வே நேரா உங்க சர்வருக்குச் சொல்லும். முதல் தடவை 403 வரும், ஏன்னா கேட்வே கிட்ட சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் கிடையாது. அந்த ஒரு வியூவுக்கு மட்டும் சிஎஸ்ஆர்எஃப் விலக்கு கொடுங்க. கூடவே கேட்வே அனுப்பற சிக்னேச்சரைக் கட்டாயம் சரிபாருங்க. இல்லைன்னா யார் வேணும்னாலும் "பணம் கட்டியாச்சு"ன்னு பொய் செய்தி அனுப்பலாம். அதே செய்தி ரெண்டு தடவையும் வரலாம். பேமென்ட் ஐடியை யூனிக்னு வச்சா, ஒரு பணத்துக்கு ரெண்டு ஸ்வீட் பாக்ஸ் போகாது.

5. பில் நம்பர்ல ஓட்டை

டேபிளோட ஐடியையே பில் நம்பரா போடறது ரொம்பப் பேர் செய்யற குறுக்கு வழி. பணம் கட்டாம விட்ட ஆர்டருக்கும் ஐடி போயிடும். போஸ்ட்கிரெஸ்ல பாதியில ரோல்பேக் ஆனாலும் அந்த எண் திரும்ப வராது. 41-க்கு அப்புறம் 44. நடுவுல 42, 43 எங்கேன்னு ஆடிட்ல கேட்பாங்க. விற்பனையை மறைச்சாங்களோன்னு சந்தேகம் வர்ற இடமே அதுதான். சிஜிஎஸ்டி விதி 46 கேக்கறது: தொடர் வரிசை எண், 16 எழுத்துக்குள்ள, ஒரு நிதியாண்டுக்குள்ள திரும்ப வராத எண்.

நிதியாண்டுக்கு ஒரு வரியா தனி டேபிள்ல கடைசி எண்ணை வைங்க. பில் போடற நேரத்துல மட்டும், ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள்ள, செலக்ட் ஃபார் அப்டேட் மூலமா அந்த வரியைப் பூட்டி அடுத்த எண்ணை எடுங்க.

6. டேட்டாபேஸே காணோம்

சில ஹோஸ்டிங்ல டிஸ்க் தற்காலிகம். புது கோடு ஏத்தினா எஸ்க்யூலைட் ஃபைல் புதுசாயிடும், பழைய ஆர்டர் எல்லாம் போயிடும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் பதிவுகளை, ஆண்டு ரிட்டர்னோட கடைசித் தேதியில இருந்து 72 மாசம் வச்சிருக்கணும். தனி டேட்டாபேஸ் சர்வர், தினமும் ஒரு பேக்கப், மாசம் ஒரு தடவை அந்தப் பேக்கப்பைத் திறந்து பார்க்கறது. இந்த மூணும் கோட்டேஷன்லயே எழுதி, அதுக்குத் தனியா காசு வாங்குங்க.

உங்க பக்கத்துப் பணம்

டொமைன், ஹோஸ்டிங், கேட்வே அக்கவுன்ட் மூணும் கடைக்காரர் பேர்லயும் அவர் கார்டுலயும் இருக்கட்டும். உங்க கார்டுல போட்டா, ஒரு சாவி கிட்ஹப்ல கசிஞ்சாலும் கிளவுட் பில் உங்க வீட்டுக்குத்தான் வரும். சீக்ரெட் கீ, பாஸ்வேர்டு எல்லாம் கோடுக்குள்ள இருக்கக் கூடாது, என்விரான்மென்ட் வேரியபிள்ல இருக்கணும்.

வந்த 40,000 உங்களுக்குத் தொழில் வருமானம். அதை ஐடிஆர் 1-ல காட்ட முடியாது. உங்க நிலைமையைப் பொறுத்து ஐடிஆர் 3 அல்லது 4. ஜிஎஸ்டி பதிவுக்குத் தமிழ்நாட்டுல சேவைக்கு 20 லட்சம் வரம்பு, அதுல உங்க சம்பளம் சேராது. வெளி வேலை செய்யலாமான்னு உங்க ஆஃபர் லெட்டரை முதல்ல படிச்சுடுங்க.

சைட்டை ஒப்படைக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட். பத்து ஆர்டர் போடுங்க. ஒண்ணை ராத்திரி 12-க்கும் காலை 5.30-க்கும் நடுவுல போடுங்க, ஒண்ணைப் பணம் கட்டினதும் பிரவுசரை மூடிடுங்க, ஒண்ணைப் பாதியில விட்டுடுங்க. அப்புறம் பில் மொத்தம், கேட்வே ரிப்போர்ட், எக்செல் மூணையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. பைசா வரைக்கும் ஒத்துப் போனா, பாக்கிப் பணத்தைத் தைரியமா கேளுங்க.

இந்த டெஸ்ட்டை ஸ்க்ரீன்ல செஞ்சு காட்டற வீடியோ வேணும்னா கமென்ட்ல சொல்லுங்க. சைடு ப்ராஜெக்ட் எடுத்திருக்கற நண்பருக்கு இதை அனுப்பிடுங்க, ஒப்படைக்கறதுக்கு முன்னாடியே.