பஞ்சாங்கம் மாறிற்று, சொல் மாறவில்லை

மாதத்திற்குப் பெயரிடுவது எளிது. அந்தப் பெயரை ஜனங்களின் நாவிலே நிலைநிறுத்துவது அத்தனை எளிதன்று. ராஜாங்கத்தார் சட்டம் செய்யலாம். அதை அச்சிட்டு ஊரெங்கும் ஒட்டலாம். மீறினவரைத் தண்டிக்கவும் செய்யலாம். ஆனால் உழுகிறவனும் பூக்காரியும் குழந்தையைத் தாலாட்டும் தாயும் ஏற்றுக்கொண்டாலன்றி ஒரு சொல் உயிர் பெறுவதில்லை. இந்த உண்மையைப் பிரான்ஸும் ஜப்பானும் வெவ்வேறு விதமாக அறிந்துகொண்டன. கோடை பிறக்கும் காலத்துச் சொற்கள் சிலவற்றைக் கொண்டு அவ்விரண்டு கதைகளையும் பார்ப்போம்.

1793-ம் வருஷத்தில் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் பழைய பஞ்சாங்கத்தையே ஒழித்துவிட்டார்கள். வாரத்துக்கு ஏழு நாள் என்பது போய், பத்து நாள் என்று ஆயிற்று. மாதங்களுக்குப் புதுப் பெயர் சூட்டும் பொறுப்பு ஃபாப்ர் தெக்லாந்தின் என்னும் கவிஞரைச் சார்ந்தது. அவர் இயற்கையைப் பார்த்துப் பெயரிட்டார். ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்குவது பூ மாதமாகிய ‘புளோரெயால்’; அதை அடுத்தது புல்வெளி மாதமாகிய ‘பிரேரியால்’; அதற்கப்பால் அறுவடையை அளிக்கும் ‘மெஸிதோர்’. கேட்பதற்கு எவ்வளவு இனிய பெயர்கள்! எனினும், துளிர் மாதம் என்று பொருள்படும்படி அவரே பெயரிட்ட ‘ஜெர்மினா’லில், 1794 ஏப்ரல் 5-ந் தேதி, அந்தக் கவிஞரின் தலை கொலைப்பொறிக்கு இரையாயிற்று.

பெயர்களும் நெடுங்காலம் வாழவில்லை. ஏழு நாளைக்கு ஒரு முறை ஓய்ந்திருந்த தொழிலாளி பத்து நாளைக்கு ஒரு முறை ஓயும்படி ஆயிற்றென்றால், அந்தப் பஞ்சாங்கத்தை அவன் வாழ்த்துவானா? 1806 ஜனவரி 1-ந் தேதி முதல் நெப்போலியன் அதை ரத்து செய்தார். புளோரெயாலும் பிரேரியாலும் சரித்திரப் புத்தகங்களில் ஒதுங்கின.

சட்டம் செய்யாமலே நிலைத்த சொல் ஒன்றும் பிரான்ஸில் உண்டு. மே மாதம் முதல் தேதியன்று பிரெஞ்சுக்காரர்கள் ஒருவருக்கொருவர் ‘முகே’ என்னும் மலர்க்கொத்தை அளிக்கிறார்கள். சிறு வெண்மணிகளைக் கோத்துத் தொங்கவிட்டாற்போன்ற நறுமணப் பூ அது. 1561-ல் ஒன்பதாம் சார்ல் அரசன் தன் அரண்மனைப் பெண்களுக்கு அதை வழங்கியதிலிருந்து இவ்வழக்கம் வந்ததென்று சொல்வது பரம்பரைக் கதை. ‘முகே’ என்ற சொல்லோ கஸ்தூரியைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. அந்தச் சொல் லத்தீனுக்குக் கிரேக்கத்திலிருந்தும், கிரேக்கத்துக்குப் பாரசீகத்திலிருந்தும் சென்றது. பாரசீகச் சொல்லின் மூலம் சம்ஸ்கிருத ‘முஷ்க’ என்பர் மொழிநூலார். பாரிஸ் தெருவிலே விற்கும் பூவின் பெயருக்குள் பாரத தேசத்து வாசனை கலந்திருப்பது வியப்பன்றோ!

இனி ஜப்பானுக்குச் செல்வோம். அங்கே நேர்ந்தது இதற்கு மறுதலையானது. ஜப்பானியர் சந்திரனைக் கொண்டு மாதங்களைக் கணக்கிட்டு வந்தார்கள். மெய்ஜி சர்க்கார் திடீரென்று மேனாட்டுப் பஞ்சாங்கத்தை மேற்கொண்டது. பன்னிரண்டாம் மாதத்தின் மூன்றாம் நாளாக விடிந்திருக்க வேண்டிய தினம் 1873 ஜனவரி 1-ந் தேதியாக விடிந்தது. பழைய கணக்குப்படி அடுத்த வருஷத்தில் பதின்மூன்று மாதங்கள் வரும். உத்தியோகஸ்தர்களுக்குப் பதின்மூன்று மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். கஜானாவோ வறண்டிருந்தது. அந்தச் செலவு மிஞ்சியதும் இந்த அவசரத்துக்கு ஒரு காரணம்.

பஞ்சாங்கம் மாறிற்று; ஜனங்கள் பழைய பெயர்களை விட்டுவிடவில்லை. ஐந்தாம் மாதத்துக்கு ‘ஸத்ஸுகி’ என்று பெயர். நாற்று நடும் மாதம் என்பது அதன் பொருளென்று கூறுவர். பழைய கணக்கில் அது பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வரும், அதாவது மழைக்காலம். ஆகவே ‘ஸமிதாரே’ என்னும் ஐந்தாம் மாத மழை, உண்மையில் ‘த்ஸுயு’ என்னும் பருவமழையே. த்ஸுயுவை எழுதும்போது பிளம் என்ற எழுத்தையும் மழை என்ற எழுத்தையும் சேர்த்து எழுதுவார்கள். ‘உமே’ என்னும் அந்தக் காய் பழுக்கும்போது பெய்யும் மழையாதலின் அவ்வாறு எழுதுவது வழக்கமாயிற்று. மழைக்கு இடையே வானம் சற்று வெளுப்பதை ‘ஸத்ஸுகிபாரே’ என்றார்கள். இப்பொழுதோ மே மாதத்து நிர்மலமான வானத்துக்கே பலரும் அச்சொல்லை வழங்குகிறார்கள். தேதி நகர்ந்தது, சொல் தன் பொருளைச் சற்றே மாற்றிக்கொண்டு பிழைத்தது.

ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் ஆண் குழந்தைகளின் திருநாள். கெண்டை மீன் வடிவமான துணிக்கொடிகளைக் கம்பத்தில் பறக்கவிடுவார்கள். ‘ஷோபு’ என்னும் நறுமணப் புல்லை வெந்நீரிலிட்டு நீராடுவார்கள். வீரத்தைப் போற்றுதல் என்பதற்கும் அதே ஒலியுள்ள சொல் இருப்பதால், அந்த இலைக்கு அத்தனை மதிப்பு. ‘கஷிவா’ இலையில் பொதிந்த அரிசிப் பலகாரமும் உண்டு. புதுத் துளிர் விடும்வரை அம்மரத்தின் பழைய இலை உதிராது. குலம் தொடர்ந்து தழைக்க வேண்டுமென்பது அதன் குறிப்பு. 1948 முதல் இந்நாள் எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய நாளாயிற்று.

இவ்விரு தேசத்துக் குடியானவர்களும் ஒரே அச்சத்துக்கு வெவ்வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். வசந்தம் பிறந்ததாகக் கொள்ளும் நாளிலிருந்து எண்பத்தெட்டாம் நாளை, மே முதல் வாரத்திலே, ஜப்பானியர் ‘ஹச்சிஜூஹச்சியா’ என்பர். பனி விடைபெறும் நாள் அது. தேயிலை கிள்ளுவதற்கும் உகந்த காலம். அரிசியைக் குறிக்கும் எழுத்தைப் பிரித்தால் எட்டு, பத்து, எட்டு என்று எண்பத்தெட்டு வருமாதலால் உழவருக்கு அது விசேஷ நாளாயிற்று. பிரான்ஸிலோ மே 11, 12, 13 தேதிகளுக்கு உரிய மூன்று மகான்களைப் ‘பனிக்கட்டி மகான்கள்’ என்பர். அவர்கள் கடந்து செல்லும்வரை மென்மையான நாற்றைத் தோட்டத்தில் நடலாகாது என்பது பாட்டிமாரின் எச்சரிக்கை.

எச்சரிக்கை வீணன்று. 2021 மார்ச் இறுதியில் பிரான்ஸில் வெயில் முன்னதாகவே வந்தது. திராட்சைக் கொடிகள் முன்னதாகவே துளிர்த்தன. ஏப்ரல் முதல் வாரத்துப் பனி அத்துளிர்களைக் கருக்கிவிட்டது. திராட்சைத் தோட்டத்தார் இரவெல்லாம் வரிசைகளுக்கு நடுவே தீ மூட்டிக் காத்தும், பல ஜில்லாக்களில் விளைவு அழிந்தது. மகான்களின் நாளோ இன்னும் ஒரு மாதம் தள்ளியிருந்தது!

முன்பு ராஜாங்கத்தார் பஞ்சாங்கத்தை நகர்த்தினார்கள். சொற்கள் அதைத் தாங்கிக்கொண்டன. இன்று பூமி வெப்பமடைவதால் பருவமே நகர்கிறது. பாட்டிமார் தந்த சொற்களை இனியும் நம்பி விதைக்கலாமா என்பதே இரு தேசத்து உழவர் முன்னும் நிற்கும் கேள்வி. சட்டத்தை வென்ற சொற்கள் வானத்தையும் வெல்லுமோ? வென்றாலும் வெல்லாவிட்டாலும், அவற்றைப் பிறப்பித்த விழிப்பு அவர்களுக்கு இன்னும் வேண்டும்.